நாட்குறிப்பிலிருந்து எடுபட்ட தேத்தண்ணீர்

சிட்னிக்கு வந்த புதிதில் நான் அடியோடு வெறுத்த ஒரு சொல் ‘உள்ளூர் அனுபவம்’. எழுபதுகளின் நடுப்பகுதி அது. கொழும்பில் காணிப் பதிவுக் கந்தோரில் எட்டு வருடம் தட்டெழுத்து வேலை பார்த்தவள் நான். இங்கே எந்தக் கந்தோர்ப் படியேறினாலும் என் சான்றிதழ்களை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, “உள்ளூர் அனுபவம் இருக்கிறதா?” என்றார்கள். சிட்னி ரைப்ரைட்டரில் ஆங்கில எழுத்துகள் இடம் மாறியா இருக்கின்றன? கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிளாக்டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. பழைய கையெழுத்தைப் படித்து அடிக்கத் தெரிந்தவர் தேவையாம். வெள்ளைக்காரன் காலத்துக் காணி உறுதிப் பத்திரங்களைப் படித்துப் படித்தே கண் பூத்துப்போனவள் நான். அன்றைக்கே ரயிலேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தவர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற முதியவர். மோர்மன் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனார் இளைஞராக அமெரிக்காவிலிருந்து கப்பலேறிச் சமயம் பரப்ப வந்து, இந்த மாநிலத்துக் குடியிருப்புகளையெல்லாம் கால்நடையாகச் சுற்றி, பிறகு இங்கேயே காணி எடுத்துக் குடியேறியவராம். அந்தக் காலத்துப் போதகர்கள் கையில் காசில்லாமல் புறப்படுவார்கள். யார் கதவு திறக்கிறார்களோ அங்கே சாப்பாடு, அங்கே படுக்கை. அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே எழுதியும் வைப்பார்கள். அப்படி எழுதிய மூன்று நாட்குறிப்புகளையும் தட்டெழுத்தில் ஏற்றி, குடும்பத்தின் ஒன்றுகூடலுக்குப் புத்தகமாக்குவது முதியவரின் எண்ணம். முடித்துத் தந்தால் ஒரு நற்சான்றுக் கடிதம் தருவதாகச் சொன்னார். உள்ளூர்க்காரர் ஒருவரின் கடிதம்! நான் போனதே அதற்காகத்தான்.

பாட்டனாரை எனக்குப் பிடித்துப்போயிற்று. செருப்புக் கிழிந்ததை ஒரு பக்கத்துக்குப் புலம்புவார். பாட்டுப் பாடத் தெரியாத சபையோரைத் திட்டுவார். ஒரு நாள் பிரசங்கத்துக்கு வந்தவர்கள் ஒரு கிழவரும் ஒரு ஆடும் என்று எழுதி, ஆடு கடைசிவரை இருந்தது என்றும் எழுதியிருந்தார். முதியவர் அந்த ஆட்டைத் தொடவில்லை. அவர் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்ததெல்லாம் ஒரே ஒரு சாமானுக்குத்தான்.

“தேத்தண்ணீர் என்று வருகிற இடத்திலெல்லாம் இளைப்பாறினேன் என்று அடியுங்கள்” என்றார்.

அவர்கள் சமயத்தில் தேத்தண்ணீர், கோப்பி தொடமாட்டார்கள். பாட்டனாரின் நாளில் அது வெறும் அறிவுரையாகத்தான் இருந்தது, பலரும் குடித்தார்கள், பிறகுதான் கட்டாயமாயிற்று என்று அவரே விளக்கினார். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாத வீட்டில் பிறந்தவளுக்கு விரதத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் கவனமாகப் பால்தான் காய்ச்சிக் கொடுத்தேன். ஆனால் பாட்டனார் குடித்தது குடித்ததுதானே? எழுதினது எழுதினதுதானே? சபையில் யாரும் இப்படி மாற்றச் சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை, இது தன்னுடைய முடிவு, பேரப்பிள்ளைகள் படிக்கப் போகிற புத்தகம் என்றார்.

அடித்தேன். முதல் இரண்டு குறிப்பேடுகளிலும் பாட்டனார் இளைப்பாறினார், இளைப்பாறினார், இளைப்பாறிக்கொண்டே இருந்தார். இவ்வளவு இளைப்பாறின மனிதன் எப்போது நடந்தான் என்று யாராவது கேட்கப் போகிறார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மூன்றாவது குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் சிரிப்பு நின்றுவிட்டது.

மழை நாள். காலையிலிருந்து நடந்திருக்கிறார். இரண்டு வீடுகளில் கதவு திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் மூன்று வீட்டுக்காரரின் பெயரையும் முழுசாக எழுதியிருந்தார். மத்தியானத்துக்குப் பிறகு ஓடைக்கரையில் மரப்பட்டைக் குடிசை ஒன்று. அதில் ஒரு விதவை, இரண்டு பிள்ளைகள். இவர் நடுங்குவதைப் பார்த்துவிட்டு அவள் துணியில் முடிந்து வைத்திருந்த தேயிலையை அவிழ்த்திருக்கிறாள். அதுதான் கடைசித் தேயிலை என்று சின்னப்பிள்ளை சொல்ல, தாய் அதட்டியிருக்கிறாள். வீட்டில் ஒரே ஒரு கோப்பை. இவர் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றித் தான் குடித்தாளாம். ‘பிரசங்கிக்க வாயெடுத்தேன், குரல் வரவில்லை’ என்று முடித்திருந்தார்.

அவளுடைய பெயரைப் பாட்டனாரும் எழுதவில்லை.

முதியவரின் பென்சில் விதவையின் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை நேராக ஒரு கோடு இழுத்திருந்தது. ஓரத்தில், ‘ஒரு குடிசையில் இளைப்பாறினேன்’. நாய் விட்டவர்களின் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு அவருடைய சமையலறைக்கே போனேன்.

“இந்தப் பெண்ணை ஏன் எடுத்துவிட்டீர்கள்?”

“பெண்ணை எடுக்கவில்லை. தேத்தண்ணீரைத்தான் எடுத்தேன்.”

“தேத்தண்ணீரை எடுத்தால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவள் யாரென்றே யாருக்கும் தெரியாது. யாரும் வருத்தப்படப் போவதில்லை.”

“நாய் விட்டவர்களின் பெயர் மட்டும் இருக்கிறதே?”

“அது சரித்திரம்” என்றார்.

நாயை அவிழ்த்துவிட்டால் சரித்திரமாம், தேயிலையை அவிழ்த்தால் இல்லையாம்! அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். மிக மென்மையாக, “நீங்கள் நன்றாக வேலை செய்கிறீர்கள். உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமை எழுதலாம் என்றிருக்கிறேன். அதற்குள் இதை முடித்துவிடுவோம்” என்றார். அது மிரட்டலா, சாதாரணப் பேச்சா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறியியல் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த காலம். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்திருந்தார்.

“இஞ்சேருங்கோ, அந்த மனிசியை முழுசா அழிக்கச் சொல்லுறார்.”

“எந்த மனிசி?”

“கடைசித் தேயிலையைப் போட்டுக் குடுத்த மனிசி.”

“அந்த மனிசி செத்து எத்தினை காலம்! நீர் அவவுக்காக உம்மட கடிதத்தை விடப்போறீரோ? அவையின்ர பாட்டன், அவையின்ர புத்தகம். சொன்னதை அடிச்சுக் குடுத்திட்டு வாரும்.”

“அது பொய்யெல்லே?”

“ஓம், பொய்தான். நான் பெட்டி அடுக்கிறதும் பொய்தான். ஊருக்குக் கடிதம் எழுதேக்க என்னை எஞ்சினியர் எண்டுதானே எழுதுறீர்?”

அவருடைய சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை முதியவர் வீட்டு மேசையில் ரைப்ரைட்டருக்குத் தாளைக் கொடுத்தேன். முதலில் முழுவதையும் அடித்தேன். துணி முடிச்சு, சின்னப்பிள்ளை, ஒற்றைக் கோப்பை, வராத குரல், எல்லாம். அப்படியே கொடுப்பதென்றுதான் இருந்தேன். பக்கத்து அறையில் அவர் என் கடிதத்துக்குத் தாள் தேடி மேசை இழுப்பறையைத் திறக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் போதுமாயிருந்தது. தாளை உருவி எடுத்துக் கசக்கிக் கூடையில் போட்டேன். புதுத் தாள் வைத்து, ‘ஒரு குடிசையில் இளைப்பாறினேன்’ என்று அடித்தேன். கதவு திறக்காதவர்கள், நாய் விட்டவர் என்று மூன்று வீட்டுக்காரரின் பெயரையும் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தேன்.

அவர் பக்கத்தைப் படித்தார். தலையாட்டினார். மடித்த கடிதத்தை என் கையில் தந்து, வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார். மரியாதையான மனிதர்தான், அதை மறுக்க முடியாது.

ரயிலில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தேன். நல்ல தடித்த தாள். நேரம் தவறாதவர், அமைதியானவர் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், ‘மூலத்தில் இருப்பதை ஒரு சொல்லும் மாற்றாமல் அடிப்பவர்’ என்று எழுதியிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே கிழித்து எறிந்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய்க் காட்டித்தான் வேலை எடுத்தேன்.