பொட்டுக்கு இரண்டு விரல் மேலே

"மொதல்ல எனக்குக் கத்துக்குடுங்க டீச்சர். என் தலைக்கு ஒண்ணும் ஆவலன்னா அப்புறம் இதுல கையெழுத்துப் போடறேன்."

கார்குழலி அக்கா இப்படிச் சொன்னபோது நான் மைதானத்தில் பந்துகளை வலைப்பையில் திணித்துக்கொண்டிருந்தேன். என் பெயர் சரிதா. புதுச்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வயது இருபத்தொன்பது. அக்காவுக்கு முப்பத்தேழு. அவருடைய ஒரே மகள் பூவிழி எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரி. அக்கா கையில் நான்காக மடித்து வைத்திருந்தது மாநில அணித் தேர்வுக்கான பெற்றோர் சம்மதப் படிவம். மாதக் கடைசிக்குள் கையெழுத்தாகி வராவிட்டால் பூவிழி இந்த வருடம் தேர்வுக்குப் போக முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்து அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அக்கா தயங்கியதில் தப்பே இல்லை. ஒரு மாதத்துக்கு முன் ஒரு போட்டியில் எதிரணி கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து நல்ல உயரத்திலிருந்து இறங்கியது. பூவிழி ஓடிப்போய் அதற்குக் கீழே நின்றாள். முட்டவில்லை, குதிக்கவில்லை, சும்மா விறைப்பாக நின்றாள். பந்து நடு உச்சியில் விழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிடத்தில் வாந்தி. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, மூளைக்கு ஒரு அதிர்ச்சி, மூன்று வாரம் ஓய்வு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிடலாம் என்றார் டாக்டர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பயந்துபோனால் இன்னும் அதிகமாக வரும். அன்றைக்குக் கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்து, "உச்சியில வாங்கச் சொல்லி எந்த முட்டாள் உனக்குச் சொல்லிக்குடுத்தது?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யாரும் சொல்லல மிஸ். நானாதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள் பூவிழி. அக்கா வேலையிலிருந்து வந்து சேர அதற்குப் பிறகும் அரைமணி நேரம் ஆனது. பந்து தலையில் பட்டுவிட்டது என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

உண்மையில் திட்டு வாங்க வேண்டியவள் நான். "தலையால ஆடாதீங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேனே தவிர, ஆட வேண்டி வந்தால் எப்படி ஆடுவது என்று ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. நான் சொல்லித் தராவிட்டால் பந்து தலைக்கு வராமலா போய்விடும்? இது எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உறைத்தது.

அதனால்தான் அக்கா வந்து கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றேன்.

கார்குழலி அக்கா பிறந்தது வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில். பாவாடை என்ற கொத்தனாரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த மறு மாதமே அவரோடு சித்தாள் வேலைக்குப் போனவர். பன்னிரண்டு வருடம் கலவைச் சட்டியும் செங்கல்லும் தலையில் சுமந்திருக்கிறார். முட்டி தேய்ந்த பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் பிளாஸ்டிக் மூடிகளை எண்ணிப் பெட்டியில் அடைக்கும் வேலை. பஸ்ஸில் போகும்போது ஒரு கல்லூரியைக் காட்டி, "இதோட மூணாவது மாடி முழுசும் என் தலை மேல ஏறிப் போனதுதான் டீச்சர்" என்பார். அதில் பெருமையும் இருக்கும், கொஞ்சம் கேலியும் இருக்கும். எதைக் கையில் எடுத்தாலும் சட்டிக் கணக்கில்தான் எடை சொல்வார். என் கைப்பை கால் சட்டி. ரேஷன் அரிசி ஒன்றே கால் சட்டி. பந்தை முதல்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா எம் பொண்ணு உழுந்தா? இது ஒரு கரண்டி கலவைகூட இல்லியே" என்றார்.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் வேலை முடிந்து நாலரை மணி பஸ் பிடித்து வந்துவிடுவார். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு மைதானத்தில் இறங்குவார். பூவிழி அந்த நேரத்தில் ஓரமாக மெதுவோட்டம் ஓடிக்கொண்டிருப்பாள். டாக்டர் அதற்கு மட்டும்தான் அனுமதி தந்திருந்தார். ஓடுகிற சாக்கில் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பாள்.

முதல் நாள் காற்று குறைந்த லேசான பந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். நாலடி தள்ளி நின்று மெதுவாகத் தூக்கிப் போட்டேன். அக்கா நேராக எதிரே பார்த்தபடி, கழுத்தைக் கம்பமாக வைத்துக்கொண்டு, பந்து வந்து உச்சியில் விழும்வரை ஆடாமல் அசையாமல் நின்றார். பந்து மேலே எழும்பி அவர் முதுகுக்குப் பின்னால் போய் விழுந்தது. நான் சிரித்துவிட்டேன்.

"அக்கா, பந்தைப் பாக்கணும்."

"பாத்தா எப்பிடி டீச்சர்? சட்டி ஏத்தும்போது அண்ணாந்து பாத்தா சும்மாடு நழுவிடும். எல்லாம் கவுந்துக்கும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தலை பன்னிரண்டு வருடமாக மேலேயிருந்து இறங்குவதை வாங்கிக்கொள்ளப் பழகிய தலை. யாராவது தூக்கி வைப்பார்கள், அது தாங்கிக்கொள்ளும். தானாகப் போய் எதையும் அடித்துப் பழகியதே இல்லை.

"உச்சியில வாங்கவே கூடாதுக்கா. வேகமா வர்ற பந்து உச்சியில இறங்கினா மொத்த அடியும் தலைக்குள்ளயும் கழுத்துக்குள்ளயும் போவும். சட்டியை மெதுவா வைப்பாங்க. பந்து அப்படியா வருது? பூவிழிக்கு நடந்தது அதான்."

அக்கா பந்தை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். "உச்சியில வாங்கறதா தப்பு?" என்று கேட்டார்.

"அதுதான் தப்பே."

அன்றைக்கு அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அடுத்த முறை அக்கா வந்தபோது அவர் நெற்றியில் நானே இன்னொரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். அவர் வைத்திருந்த பொட்டுக்கு இரண்டு விரல் மேலே, முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே. எலும்பு கெட்டியாக இருக்கும் இடம் அதுதான். "பந்து இங்கதான் படணும். மூக்குலயும் கூடாது, உச்சியிலயும் கூடாது." இரட்டைப் பொட்டோடு நின்ற அக்காவைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை. முதலில் பந்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் தட்டித் தட்டிப் பழகினார். பிறகு தானே மேலே போட்டுத் தானே முட்டினார். கண்ணைத் திறந்து வைங்க, வாயை மூடுங்க, தாடையை உள்ளே இழுங்க, இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்து முன்னால் வாங்க, கைகளை விரித்துப் பக்கத்தில் வருகிறவளிடமிருந்து உங்களுக்கு இடம் பிடிங்க என்று நான் வரிசையாகக் கத்திக்கொண்டே இருப்பேன். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் கிடையாது. பதினொன்றாவது கேட்டால் பந்தைப் பிடுங்கி வைத்துவிடுவேன். லேசாகத் தலை வலித்தாலும் சொல்லிவிட வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

அக்காவுக்குக் கண் மூடுவதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. பந்து அருகில் வந்ததும் இமை தானாக இறங்கும். அவருக்கே அவர் மேல் கோபம் வரும். "பயந்தாங்கொள்ளி" என்று தன்னையே திட்டிக்கொள்வார். ஆனால் அந்தக் கழுத்து! எங்கள் அணியில் ஒருத்திக்கும் அப்படி ஒரு கழுத்து இல்லை. இரண்டாவது வாரம் கண் மூடாமல் முட்டிய முதல் பந்து என் நெஞ்சில் வந்து மோதி என்னை இரண்டடி பின்னால் தள்ளியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். வலித்தாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது வாரச் சனிக்கிழமை, முழுக் காற்று அடைத்த பந்தில் பத்துக்கு எட்டு முட்டினார். எட்டும் நான் கைகாட்டிய பக்கம் போயின. டாக்டரும் அந்த வாரம் பூவிழியைப் பரிசோதித்துவிட்டு, லேசான பந்தில் தொடங்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். படிவத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"தலைக்கு ஏதாவது ஆச்சாக்கா?"

"ஒண்ணும் ஆவல."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்னால முடியாது டீச்சர். அவளுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான். மேட்ச் அன்னிக்குக் காலையில பின்னல் போட்டுக்கினே சொன்னேன். பந்து தலைக்கு வந்தா பயப்படாத, கழுத்த நேரா வச்சிக்கினு உச்சியில வாங்கிக்க, எவ்ளோ வெயிட்டு வந்தாலும் ஒண்ணும் ஆவாது, அம்மா எத்தினி சட்டி வாங்கியிருக்கேன்னு சொன்னேன். உச்சியில தட்டியே காட்டனேன். நீங்க மொத நாளு சொன்னீங்களே, அன்னிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. அவ மூஞ்சைப் பாக்க முடியல. இனிமே நான் எதுல கையெழுத்துப் போட்டாலும் அது அவளுக்குக் கெடுதலாத்தான் முடியும்."

எந்த முட்டாள் என்று ஆஸ்பத்திரியில் நான் கத்தியது காதில் கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த முகமும் ஞாபகம் வந்தது.

ஓட்டம் முடித்துப் பூவிழி எங்களிடம் வந்தாள். அம்மா அழுவதைப் பார்த்துப் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அக்காவே சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, மகளின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ உழுந்தது என்னாலதான்டி பாப்பா. நான் சொன்னது தப்பு."

"தெரியும்மா" என்றாள் பூவிழி.

"தெரியுமா? எப்போலேருந்து?"

"ஆஸ்பத்திரியிலேயே தெரியும். மிஸ் திட்டும்போதே தெரிஞ்சிது."

"அப்புறம் இன்னாத்துக்குடி சொல்லல?"

பூவிழி உட்கார்ந்து அம்மாவின் நெற்றியில் வியர்வையில் நழுவியிருந்த மேல் பொட்டைச் சரியாக ஒட்டிவிட்டாள். "சொன்னா நீ அப்புறம் எனக்கு எதுவுமே சொல்லித்தர மாட்ட. பயந்துடுவ. என் கிளாஸ்ல எந்த அம்மா இதெல்லாம் சொல்லி அனுப்பறாங்க? நீதான் அனுப்பின."

அக்கா மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். பதினான்கு வயதுப் பெண், அம்மாவைவிட உயரம். கால்கள் இரண்டும் மண்ணில் நீட்டிக் கிடந்தன. அக்கா அவள் தலையைத் தடவவில்லை. தலைக்குக் கீழே கையை அணைத்து வைத்து, பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பூவிழியிடம், "அன்னிக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு" என்றேன். "நீங்க எப்பவும் கத்தறதுதான மிஸ்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "பேனா இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். பேனா இருந்தது. படிவத்தை வைத்து எழுத மேசை இல்லை. மைதானத்தில் இருந்த ஒரே பலகையில் பிள்ளைகள் தண்ணீர் கொட்டி வைத்திருந்தார்கள். நான் திரும்பிக் குனிந்து நின்றேன். அக்கா என் முதுகில் காகிதத்தை வைத்து எழுதத் தொடங்கினார்.

ஏழாம் வகுப்போடு நின்றவர் அவர். அவசரமாக எழுத வராது. கா, ர், கு என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அழுத்தி எழுதினார். எழுத்துக்கு நடுவே, "பாப்பா, செவ்வாக்கெழம நான்தான் உனக்குப் பந்து போடுவேன். மெதுவாத்தான் போடுவேன். டீச்சர் பக்கத்துல நிக்கட்டும். நான் சொல்றது தப்புன்னா ஒடனே சொல்லிடணும், செரியா?" என்றார். "செரிம்மா" என்றாள் பூவிழி. என் கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா இரண்டாவது வரியில் தேதி போடும்வரை நான் நிமிரவே இல்லை.