முட்டைப் பண்ணைக்காரர் வீட்டில் முட்டை

இன்று காலை பல்லடத்தில் ஒரு மருந்துக்கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தந்தையும் மகளும். மகளுக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதமாம். முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. நகம் வளர்வதற்குள் உடைந்துவிடுகிறது.

"முடிக்கும் நகத்துக்கும் நல்ல மாத்திரையா பாத்துக் குடுங்க" என்றார் தந்தை.

அவர்களுக்குத் தெரிந்த கடைக்காரர்தான். மருத்துவரின் சீட்டைப் பார்த்தார்.

"இரும்புச்சத்து மாத்திரை மட்டுந்தானுங்க எழுதியிருக்கு. புரதம் பத்தலையாம், தினமும் முட்டை சாப்பிடச் சொல்லியிருக்காங்க. உங்களுக்கென்னங்க, முட்டைப் பண்ணையே வெச்சிருக்கீங்க!"

"அது தொழிலுங்க. நாங்க சைவம். ஊட்டுக்குள்ள முட்டை ஏத்தறதில்லீங்க."

மகள் மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்கப்பா, நம்ம கோழிக்கு இறகு கொட்டுனா என்ன பண்ணுவீங்க?"

"தீவனத்துல சத்துப் பத்தலைன்னு அர்த்தம் கண்ணு. தீவனத்த மாத்துவேன்."

"அப்ப எனக்கும் மாத்துங்க!"

கடையே சிரித்தது. தந்தை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். அங்கேயே பண்ணைக்குப் போன் போட்டு ஒரு அட்டை முட்டையைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு மகளுக்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"தோட்டத்து மோட்டார் ரூம்லதான் வேக வெச்சுக்கோணும் அம்மணி. முட்டை சமையக்கட்டுப் பக்கம் வரக்கூடாது."

"ஆம்லெட்டுங்கப்பா?"

"சட்டியையும் அங்கயே வெச்சுக்கோ!"

இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குள் சட்டி சமையலறைக்கு வந்துவிடும் என்பது என் கணிப்பு. உங்கள் வீட்டில் முட்டைக்கு எந்த அறை வரை அனுமதி?