விருந்துச் சட்டியில் மிஞ்சியது

மரியஅந்தோணி மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தான். எழுந்தான் என்பதுகூடத் தவறு, உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை சாவடிக்குப் போய், பெரியநாயகசாமியின் ஆறு மா நிலத்தைப் பதினோரு வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்வது தான்தான் என்று அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். புதுச் சட்டப்படி பெயர் பதிவாகிவிட்டால் யாரும் அவனை எளிதில் வெளியேற்ற முடியாது. பதியாவிட்டால் அடுத்த நடவுக்கு வயல் இல்லை.

அவன் மனைவி சவரியம்மாள் அன்று பெரியநாயகசாமி வீட்டில்தான் கோழி சமைத்துக்கொண்டிருந்தாள். விருந்து, விசாரணைக்கு வந்த அதே அதிகாரிக்கு. கூப்பிட்டால் போவாள், கூலி கிடையாது, மறுத்ததும் கிடையாது. யோசிக்காமல் செய்வதற்குத்தான் வழக்கம் என்று பெயர்.

பந்தி முடிந்ததும் வீட்டம்மா அக்னஸ் சட்டியை எட்டிப் பார்த்தாள். “கழுத்தும் முதுகும் கெடக்கு பாரு. கொண்டுபோயி அந்தோணிக்கு ரசம் வச்சுக் குடுடி.”

நல்ல மனதோடுதான் சொன்னாள்.

சவரியம்மாள் எலும்புகளை வெந்நீரில் அலசி, அம்மியில் நசுக்கி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, தண்ணீர் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட்டாள்.

“ஏது கோழி?” என்றான் அவன்.

“பெரிய வீட்டுல குடுத்தாங்க.”

“அப்படிப் போடு. அவன் கோழியக் குடிச்சுட்டு அவனுக்கு எதிராவே சாட்சி சொல்றேன் பாரு.”

மறுநாள் நடந்தே போனான், சவரியம்மாளும் கூடப் போனாள். எந்த வருஷம் என்ன நெல், எத்தனை கலம் அளந்தது, எல்லாம் தடுமாறாமல் சொன்னான்.

“ரசீது இருக்கா?”

“அவங்க குடுத்ததே இல்லைங்க.”

பெரியநாயகசாமி தோளில் கிடந்த கட்சிக்கரைத் துண்டைச் சரிசெய்துகொண்டார். குரலை உயர்த்தவில்லை. “எங்க பண்ணையாளுங்க இவன். பொண்டாட்டி எங்க அடுப்படியிலதான் கெடக்கா. நேத்துகூட எச்சில அள்ளிக்கிட்டுப் போனா. குத்தகைக்காரன் வீட்டுல அதச் செய்வாங்களா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“எச்சில் இல்லைங்க!” சவரியம்மாள் முன்னால் வந்துவிட்டாள். “சட்டியில கெடந்தது. இலையில விழுந்ததத் தொடுறவ இல்ல நான்.”

“ஆக, அங்க வேலை செஞ்சது, வாங்கிட்டுப் போனது ரெண்டும் உண்மை?” என்றார் அதிகாரி.

“உண்மைதாங்க. ஆனா இலையிலேருந்து இல்ல. நீங்கதானே சாப்பிட்டீங்க, உங்களுக்கே தெரியுமே!”

சிரிப்பு நின்றது. அதிகாரி தலை நிமிராமல் எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: பண்ணையாள், சாகுபடி உரிமை இல்லை, மனைவியே ஒப்புக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அந்தோணியால் நடக்க முடியவில்லை. வாய்க்கால் மதகில் உட்கார்ந்தான்.

“வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் நீ.”

“எச்சின்னு சொன்னாரே.”

“சொன்னா சொல்லிட்டுப் போறாரு. ஆறு மா போச்சேடி.”

மறுபடி அந்தச் சாவடியில் நிறுத்திக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கணவனிடம் சொல்லக்கூடியதா அது?

அந்த வருஷம் குறுவைக்கு இருவரும் அதே வயலில் கூலிக்கு இறங்கினார்கள்.