சீர்காழிக்கு வந்த பர்மாக்காரி

என் அம்மா பர்மாக்காரி. ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதிய அப்பா அவளை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து இந்தியர்களைக் கப்பலேற்றி அனுப்பிய காலத்தில் நாங்கள் மூவரும் மெட்ராஸில் வந்து இறங்கினோம். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அப்பா ஊருக்குத் திரும்பியிருந்தார். அம்மாவும் நானும் வேறொரு நாட்டுக்கு வந்திருந்தோம்.

அப்பாவின் கிராமம் சீர்காழிக்குப் பக்கத்தில். பெரியப்பா வீட்டில் நெல்மூட்டை அடுக்கியிருந்த அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று அப்பா அம்மாவிடம் பர்மியத்தில் சொன்னார். ரங்கூனிலிருந்து அவர் அனுப்பிய பணத்தில் பெரியப்பா வாங்கிப் போட்ட நிலம் இருந்தது. அதில் சாகுபடி செய்து, தனி வீடு கட்டிக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார்.

அம்மாவுக்கு வெயில் புதிதல்ல. பர்மாவிலும் இதே வெயில், இதே மழை, இதே நெல். அதனாலேயே அவள் பட்ட கஷ்டம் இங்கே யாருக்கும் புரியவில்லை. "அங்கயும் சோறுதானே தின்னா? இங்க மட்டும் ஏன் எறங்க மாட்டேங்குது?" என்பாள் பெரியம்மா. அம்மாவால் புழுங்கலரிசி வாடையைத் தாங்க முடியவில்லை. உலை கொதித்ததும் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அவள் நாக்கு நாப்பிக்கு ஏங்கியது. கூனி இறாலை உப்புப் போட்டு இடித்துப் புளிக்கவைக்கிற விழுது அது. பூம்புகார்ப் பக்கமிருந்து வந்த கருவாட்டுக்காரியிடம் ஒருமுறை கூனி வாங்கி, இடித்துச் சட்டியில் மூடி வைத்தாள். வாடை கிளம்பியதும் பெரியம்மா அதைச் சட்டியோடு தூக்கி வாய்க்காலில் எறிந்தாள்.

"வெள்ளிக்கெழம வெளக்கேத்துற வீடு இது. சொல்லுடி ஒங்கம்மாகிட்ட."

சொன்னேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

ஒவ்வொன்றாக விட்டாள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையைச் சந்தனம் மாதிரி அரைத்துப் பூசுவது நின்றது. லுங்கி போய்ச் சேலை வந்தது. நான் அவளை 'அமே' என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக் காட்டியதால் நானும் 'அம்மா'வுக்கு மாறினேன். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

வருஷத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் போய், இங்கே தங்கியிருக்க அவளுக்குப் போலீஸ் ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும்.

"இன்னும் எவ்வளவு நாள் இருக்கப் போறாங்க?" என்று கேட்பார் அங்கிருந்தவர்.

"எப்பவும் இங்கதாங்க" என்பார் அப்பா.

"அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க. ஒரு வருஷம் போட்டுக்கிறேன்."

நிலமும் கைக்கு வரவில்லை. மெட்ராஸில் வந்த புதிய ஆட்சியில் குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை இனி நினைத்தபடி வெளியேற்ற முடியாது. எங்கள் நிலத்தைப் பயிரிட்டவர் அப்பாவிடம் மரியாதையாகவே பேசினார்.

"நெலம் ஒங்களுதுதாங்க, இல்லேங்கல. ஆனா தாலுக்கா ஆபீஸ்ல சாகுபடி எம் பேர்ல ஏறியிருக்கு. குத்தகை நெல்ல ஒழுங்கா அளந்துடறேன். வயல விட்டு எறங்கச் சொல்லாதீங்க. நாங்க எங்கங்க போவோம்?"

"நான் மட்டும் எங்கப்பா போவேன்?" என்றார் அப்பா.

அத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பெரியப்பாதான் விடவில்லை. "வெளியூர் ஆள வச்சு அறுத்துடு. நெல்லு வீட்டுக்கு வந்துட்டா அப்புறம் எவன் கேப்பான்?" என்று அரித்துக்கொண்டே இருந்தார். நாகப்பட்டினம் பக்கம் கூலித் தகராறில் நடந்தவற்றைக் கேட்டு ஊரே மிரண்டிருந்த காலம் அது. இருந்தும் தை மாதத்தில் அப்பா ஆட்களை வரவழைத்தார்.

காலையில் வயல்பக்கம் கூச்சல் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வரப்பில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. ஒரு பக்கம் குத்தகைக்காரரின் சனங்கள். மறுபக்கம் அரிவாளோடு வெளியூர் ஆட்கள், அவர்களுக்கு முன்னால் அப்பா. அம்மா நேராக நடுவில் போய் நின்றாள். கூச்சல் அடங்கியது. குத்தகைக்காரரின் மனைவி அவளிடம் வந்தாள்.

"யம்மா, நீங்க கடல் தாண்டி வந்தவங்க. பொழைக்க வழியில்லாம வந்திருக்கீங்கன்னு தெரியுது. அதுக்காக எங்க வயித்துல அடிச்சுத்தான் நீங்க இங்க ஒக்காரணுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை விடாமல் பர்மியத்தில் சொன்னேன்.

"இந்த நிலம் எனக்கு வேண்டாம் என்று சொல்" என்றாள் அம்மா. "இங்கே எனக்கு எதுவுமே வேண்டாம். என்னை வீட்டுக்கு அனுப்பினால் போதும்."

வீடு என்று அவள் சொன்னது ரங்கூனை. பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு எல்லாம் புரிந்தது.

"என்னம்மா சொல்றாங்க?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

"சொல்லாதே" என்றார் அப்பா, பர்மியத்தில். பிறகு குத்தகைக்காரர் பக்கம் திரும்பி, "நீங்களே அறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வரப்போடு நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னால் போனோம்.

பெரியப்பா அன்றே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சீர்காழியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். அப்பா மறுபடி ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதப் போனார். நிலத்தைச் சில வருஷம் கழித்து அந்தக் குத்தகைக்காரருக்கே விற்றுவிட்டார். வரப்பில் நடந்ததைப் பற்றி அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அப்பா வீட்டில் பர்மியம் பேசவே இல்லை. அம்மா பர்மியத்தில் கேட்டால் தமிழில் பதில் சொல்வார். அவளும் மெதுவாகக் கேட்பதை நிறுத்தினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பூம்புகார்க் கடற்கரைக்கு அழைத்துப் போனார். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருக்க வேண்டும். "நேரா போனா ஒங்க ஊருதான்" என்று கையை நீட்டிக் காட்டினார். அம்மா அந்தத் திசையைப் பார்த்தாள். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டாள். "போகலாம்" என்றாள். வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ரங்கூனில் இருந்த மாமாவிடமிருந்து, அம்மாவின் அண்ணனிடமிருந்து, எப்போதாவது வந்த கடிதங்களும் நின்றன. நான் கல்யாணமாகிக் கும்பகோணம் போனேன். பேச ஆளில்லாமல் என் பர்மியம் குறைந்து, அம்மாவோடும் தமிழிலேயே எல்லாம் முடிந்தது. அப்பா இறந்த பிறகுதான் அவளுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. வாங்கப் போனபோது நான்தான் கூடப் போனேன். "இனிமே வருஷா வருஷம் நீங்க அலைய வேண்டாம்மா" என்றார் அந்த அதிகாரி, நல்லவிதமாக.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "இனிமே அங்க போவணும்னா?"

"விசா வாங்கிட்டுப் போகலாம்மா."

"எனக்கா?"

ஆமாம் என்றேன்.

மாசி மாதம் ஒன்றில் இறந்தாள். தெருவே வந்திருந்தது. 'பர்மாக்காரம்மா' என்றுதான் கடைசிவரை சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். குளிப்பாட்டும்போது ஒரு பெண் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அவங்க பக்கத்துல இதுக்கெல்லாம் எப்படிம்மா செய்வாங்க? ஏதாச்சும் மொறை இருக்குமில்ல?"

எனக்குத் தெரியவில்லை. நான் அம்மாவிடம் கேட்டதே இல்லை. "நம்ம வழக்கப்படியே செஞ்சிடுங்க" என்றேன். அப்படியே செய்தார்கள்.