ஏழாவது நிமிஷம்

வெத்தூரியா ஹங்கானுவுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று தொழிற்சாலையில் எல்லோரும் சொல்வார்கள். அவளுக்கு எந்திரங்களையும் பிடிக்காது. ஃபோக்‌ஷானி நகரத்துக்கு வெளியே இருக்கும் அந்த இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாகப் பாதுகாப்பு இன்ஜினியராக இருந்து பயிற்சி கொடுத்துவந்தாள். வயது ஐம்பத்து நான்கு. கணவன் இத்தாலிக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவான். அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாள்.

பயிற்சி என்று அவர்கள் சொன்னது இதுதான். ஜனவரி முதல் வாரம் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு மேசை போடுவார்கள். ஆளுக்கு ஒரு தாள். தாளில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டங்கள். மாதாமாதம் அவள் பேச வேண்டும், அவர்கள் கேட்க வேண்டும், கேட்டதற்கு அத்தாட்சியாக ஒரு கையெழுத்து. அவ்வளவு தூரம் யாரும் இழுத்ததில்லை. சூப் ஆறுவதற்குள் பன்னிரண்டு கட்டத்திலும் போட்டுவிட்டு எழுந்துபோவார்கள். டிசம்பரில் கற்றுக்கொள்ள வேண்டியதை ஜனவரியிலேயே கற்று முடித்துவிடுவார்கள். வெத்தூரியாவும் எதிரில் உட்கார்ந்து நூற்று நாற்பது தாள்களில் தன் பெயரை எழுதித் தள்ளுவாள். கையெழுத்துப் போடுகிறவர்களின் தலை உச்சியைப் பார்த்தபடி, இவர்களுக்கு இது போதும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம் பாந்தெலிமோன் கட்டருக்குள் கையை விட்டிருந்தான். கட்டர் என்பது இறைச்சியை மசிக்கிற பெரிய கிண்ண எந்திரம். உள்ளே வளைந்த ஆறு கத்திகள். கழுவுவதற்கு முன் மின் சுவிட்சை அணைத்து, அதில் ஒரு பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பாந்தெலிமோன் சுவிட்சை அணைத்தான். பூட்டுப் போடவில்லை. கழுவி முடிந்துவிட்டது என்று நினைத்த இன்னொருவன் சுவிட்சைப் போட்டான். வலது கையில் மூன்று விரல்கள் போயின.

விசாரணைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் வெத்தூரியா அவனுடைய தாளை எடுத்துப் பார்த்தாள். இன்னும் வராத ஜூனுக்கும் ஜூலைக்கும் டிசம்பருக்கும்கூட அவன் பயிற்சி பெற்றிருந்தான். புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் கட்டுப்போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, இடது கையால் ஜனவரி முதல் மே வரை போட்டுக்கொடுத்தான்.

"கையெழுத்து ஏன் இப்படிக் கோணலா இருக்கு?" என்று விசாரணைக்கு வந்தவர் கேட்டார்.

"கசாப்பு வேலை செய்யறவன் சார். கையெழுத்து பழகவா வந்தான்?" என்றாள் வெத்தூரியா.

அவர் சிரித்தார். கோப்பு மூடப்பட்டது. பாந்தெலிமோனை வாசல் காவலில் உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவன் இடது கையால் கதவைத் திறப்பான், அவள் உள்ளே போவாள். இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்வதில்லை.

இந்த வருஷம் பிப்ரவரியில் ராரெஷ் வந்தான். தலைமை அலுவலகம் அனுப்பிய புது மேலாளர். இருபத்தொன்பது வயது. காலுறை இல்லாமல் ஷூ போடுகிறவன். பனிக்காலத்திலும்.

"மேடம், இனிமே தாள் கிடையாது. எல்லாம் ஆன்லைன் பாடம். செயற்கை நுண்ணறிவு வீடியோ செஞ்சு குடுத்துடும். உங்க வேலை பத்து நிமிஷம்."

"இப்பவும் பத்து நிமிஷம்தான் தம்பி."

'தம்பி' அவனுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அதனால் அன்றிலிருந்து அவனை வேறு எப்படியும் அவள் கூப்பிடவில்லை.

அவன் சொல்லிக்கொடுத்தான். பதினான்கு பக்க விதிமுறையை உள்ளே போட்டால் அதுவே வசனம் எழுதும். வரிசையாக நிற்கும் முகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஒரு குரல். பிறகு பொத்தான். வெத்தூரியா எல்லா முகங்களையும் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் வேலை செய்த களை இல்லை. கடைசியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தியை எடுத்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு பற்களும் தெரிந்தன.

"பாதுகாப்பு என்பது நாம் எல்லோரும் கைகோத்துச் செல்லும் ஒரு பயணம்" என்று பல்காரி ஆரம்பித்தாள்.

"எங்க போறாங்களாம்?" என்று வெத்தூரியா கேட்டாள்.

"ஒரு உற்சாகத்துக்குத்தான் மேடம்."

பத்து நிமிஷப் பாடம். ஏழாவது நிமிஷத்தில் கட்டர் வந்தது. பல்காரி பேசிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு காட்சியைச் செயலியே வரைந்து ஓட்டியது. அழகான ஒருவன் மூடியைத் திறந்து, வெறும் கையோடு, சுற்றிக்கொண்டிருக்கும் கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். புன்னகையோடு. சுவிட்சில் பூட்டு இல்லை. சுவிட்சே இல்லை.

"இதை எடுத்துடணும்" என்றாள்.

"எதை?"

"கத்தி சுத்துது. அவன் கைய விடறான்."

ராரெஷ் குனிந்து பார்த்தான். "சும்மா படம்தானே மேடம். குரல்ல விதி சரியாத்தானே வருது? அதுவும் இல்லாம, இதை எவன் உக்காந்து பாக்கப் போறான்? கடைசி வரைக்கும் ஓடினா போதும், நமக்கு அறிக்கை வந்துடும்."

அவள் அவனை வெறுக்க நினைத்தாள். முழுதாக முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் நடத்தியதும் இதையேதான். பற்கள்தான் குறைவு.

ஆனால் அவளுடைய மேசையில் வெறும் தாள்தான் இருந்தது. சுற்றுகிற கத்தியில் கையை விடச் சொல்லி அது யாருக்கும் படம் காட்டியதில்லை. இந்தப் படத்தை ஒருவன் பார்த்தால்கூடப் போதும். கட்டரைக் கழுவுகிறவன் இப்போது இலாரியே. இருபத்தாறு வயது, பெரிய வாய், பத்து விரல்கள். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு நான்கு மணி பஸ்ஸைப் பிடித்துத் தன் கிராமத்துக்குப் போகிறவன். பூட்டை அவன் இதுவரை ஆணியில் தொங்கவிட்டுத்தான் வைத்திருந்தான். இந்த ஒரு பாடமாவது அவன் காதில் விழ வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அவன் மேல் அன்பு இருந்ததால் அல்ல. இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்குத் தாள் எடுத்துக்கொண்டு போக அவளால் முடியாது.

வாசலுக்குப் போனாள். பாந்தெலிமோன் காவல் அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன, இன்னொரு கையெழுத்தா?" என்றான். ஏழு வருஷத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"இல்ல. பேசணும். கட்டர் பக்கத்துல நின்னு. நான் போன்ல எடுப்பேன்."

"என்னன்னு பேசறது?"

"உனக்கு என்ன தோணுதோ."

"எனக்குத் தோணறத சொன்னா உன்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க வெத்தூரியா."

"தூக்கட்டும்."

அவன் ரேடியோவை நிறுத்தினான். "ஒரு பெட்டி சிகரெட். மலிவுல வாங்கிட்டு வந்து நீட்டாத."

மறுநாள் மத்தியானம், எந்திரம் நின்ற பிறகு எடுத்தார்கள். முதலில் பல்காரியின் பாடத்தை அவனுக்குப் போனில் ஓட்டிக் காட்டினாள். அவன் ஒத்திகை பார்க்கவில்லை. பூட்டைச் சுவிட்சில் மாட்டி, சாவியை உருவி, வலது கையைத் தூக்கி, மிச்சமிருந்த இரண்டு விரலால் அந்தச் சாவியைப் பிடித்துக்காட்டினான்.

"டேய், நாசமாப் போற பயலுகளா. இங்க பாருங்கடா. அந்தப் பல்லக் காட்டறவள பாக்காதீங்க, என்னைப் பாருங்க. பூட்டப் போடு. சாவிய உருவு. உன் பைக்குள்ள போடு. எவன் கேட்டாலும் குடுக்காத. உன்னைப் பெத்தவ வந்து கேட்டாலும் குடுக்காத. இந்தப் பூட்டுக்கு ரெண்டாவது சாவி கிடையாது, இருந்தத நான் இப்பத்தான் சாக்கடையில போட்டேன். நான் இதைச் செய்யல. செய்யாத மயிராண்டிக்குக் கிடைச்சது இது." கையைக் காமிராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். "நல்லாப் பாத்துக்க."

நாற்பது நொடி. காவல் அறையில் தொங்கிய இரண்டாவது சாவியை அவன் உண்மையிலேயே சாக்கடையில் போட்டிருந்தான்.

வெத்தூரியா அந்தத் துண்டைப் பாடத்தில் ஏழாவது நிமிஷத்தில் சேர்த்தாள். அழகானவனை அழித்தாள். அப்போது அந்தச் செயலி அவளிடம் கேட்டது: இந்தக் காட்சியை மேம்படுத்தட்டுமா? என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று சரி கொடுத்தாள். பாந்தெலிமோனின் குரல் மென்மையாகிவிட்டது. முகத்துச் சுருக்கம் போய்விட்டது. உயர்த்திய கையில் ஐந்து விரல்களும் முளைத்திருந்தன. நகம் வெட்டிய, சுத்தமான, யாருடையதோ போன்ற விரல்கள்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழையபடி ஆக்கும் பொத்தானை அழுத்தினாள். விரல்கள் போயின.

ராரெஷ் பாடத்தைத் திறந்து பார்க்காமலே எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவைத்தான். திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவு.

அவர்கள் முடித்த விதம் அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், பழைய கையெழுத்து மேசையிலேயே, காலை ஷிஃப்டின் அறுபது போன்களையும் முகம் மேலே தெரியும்படி பரப்பிவைத்திருந்தார்கள். அறுபது பல்காரிகள் முன்னும் பின்னுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. பீன்ஸ் சூப்பும் ரொட்டியும் பச்சை வெங்காயமுமாகச் சாப்பாடு நடந்தது. ஆள் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள அந்தப் பாடம் அவ்வப்போது நின்று, 'தொடர இங்கே தொடவும்' என்று கேட்கும். அதற்கு இலாரியேவை நியமித்திருந்தார்கள். அவன் கை ரப்பர் கையுறையில் இருந்தது, கையுறைக்கு போன் அசையாது. அதனால் உற்பத்திப் பகுதியிலிருந்து விரல் தடிமன் சாசேஜ் ஒன்றை எடுத்துவந்து, அதன் நுனியால் ஒவ்வொரு போனையும் தொட்டுக்கொண்டே நடந்தான். சாசேஜுக்கு போன் பணிந்தது.

"இன்ஜினியரம்மா, பாருங்க, பன்னி படிக்குது!" என்றான்.

கூடம் சிரித்தது.

"பன்னியாவது படிக்குதே" என்றாள் வெத்தூரியா. தேநீரோடு சுவரோரம் நின்றாள்.

முதல் போன் ஏழாவது நிமிஷத்தை எட்டியது. "டேய், நாசமாப் போற பயலுகளா" என்று மேசை கத்தியது. இலாரியே சாசேஜோடு நின்றுவிட்டான். அடுத்த போன் கத்தியது. அதற்கடுத்தது. மேசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பாந்தெலிமோன் திட்டிக்கொண்டே போனான். கரண்டிகள் நின்றன.

"யார்ரா இது, பாந்தி அண்ணனா?"

"ஐயோ, பெத்தவளையும் இழுத்துட்டாரு!"

எழுந்து வந்து அவரவர் போனை எடுத்தார்கள். சிரித்தார்கள், பின்னால் ஓட்டிவிட்டு மறுபடி கேட்டார்கள். 'மயிராண்டி' வரும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். கையைக் கிட்டத்தில் காட்டிய இடத்தில் மட்டும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பிறகு சூப்புக்குத் திரும்பினார்கள். நூற்றுக்கு நூறு பேர் பயிற்சி முடித்ததாக ராரெஷுக்கு அறிக்கை போயிற்று. அவன் அதைத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு பட்டாசுப் படத்தோடு அனுப்பினான். அவனிடம் போய் யாரும் எதையும் சொல்லவில்லை. அவனிடம் யாரும் எதையும் சொல்வதே இல்லை.

மூன்று நாள் கழித்து மத்தியானம் மூன்று மணிக்கு வெத்தூரியா கட்டர் இருக்கும் இடத்துக்குப் போனாள். இலாரியே கிண்ணத்துக்குள் தலையையும் இரண்டு கைகளையும் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். சுவிட்சில் பூட்டு தொங்கியது. பூட்டியிருந்தது. ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

அப்புறம் சாவியைப் பார்த்தாள். அது பூட்டிலேயே இருந்தது. தொலைந்துவிடாமலிருக்க, சாசேஜ் கட்டுகிற நூலால் பூட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் திருப்பலாம்.

வெளியே வரச் சொன்னாள். அவன் முழங்கைவரை நுரையோடு வந்தான்.

"சாவி எங்க இருக்கணும்?"

"பைக்குள்ள."

"யாரு சொன்னா?"

"பாந்தி அண்ணன். முழுசும் மனப்பாடம், சொல்லட்டுமா?"

"அப்ப ஏன் இங்க தொங்குது?"

"தொலைஞ்சா என் தலையத்தான உருட்டுவாங்க? இதுல பைகூடக் கிடையாது இன்ஜினியரம்மா." ரப்பர் அங்கியை விரித்துக் காட்டினான். உண்மைதான். இருபத்திரண்டு வருஷமாகப் பைக்குள் போடு, பைக்குள் போடு என்று தாளில் எழுதிவைத்திருந்தவளுக்கு, அந்த அங்கியில் பை இல்லை என்பது தெரியாது.

பக்கத்து மேசையிலிருந்த கத்தியால் நூலை அறுத்தாள். சாவியை உருவி, நூலில் கோத்து, அவனைக் குனியச் சொல்லிக் கழுத்தில் கட்டினாள். இறுக்கமாக.

"நாய்க்குக் கட்டற மாதிரி கட்டறீங்களே."

"ஆமா" என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கட்டர் ஓடவில்லை. பூட்டு சுவிட்சில் இருந்தது. சாவி இல்லை. இலாரியே கழுவி முடித்து, பூட்டை எடுக்க மறந்து, கழுத்தில் சாவியோடு நான்கு மணி பஸ் ஏறிவிட்டான். இன்று அவனுக்கு விடுமுறை. போனை அணைத்துவிட்டு அவன் கிராமத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்றரை டன் இறைச்சி தொட்டிகளில் காத்திருந்தது. வேலையாட்கள் சுவரில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்தார்கள்.

ராரெஷ் ஓடிவந்தான். கணுக்கால் சிவந்திருந்தது.

"யாரு பூட்டினது? இன்னொரு சாவி எங்க?"

எல்லோரும் வெத்தூரியாவைப் பார்த்தார்கள். அவள் காப்பியை ஒரு மிடறு குடித்தாள்.

"பாடத்துல இருக்கு தம்பி. ஏழாவது நிமிஷம்."

அவன் போனை எடுத்தான். பல்காரி சிரித்துக்கொண்டு பயணம் கிளம்பினாள். அவன் விரலால் தள்ளித் தள்ளி ஏழாவது நிமிஷத்துக்குக் கொண்டுவந்தான். சுவரோரம் விதை கொறிப்பது நின்றது.

"டேய், நாசமாப் போற பயலுகளா" என்றான் பாந்தெலிமோன். "இங்க பாருங்கடா."

ராரெஷ் பார்த்தான்.