பர்னபாஸின் நாலு கம்பி

பேஸ் கிட்டார் வாசிக்கிறவனுக்கு எந்த ஊரிலும் மரியாதை கிடையாது. பாடுகிறவளைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிக்கிறவனைப் பார்ப்பார்கள், கீபோர்டுக்காரர் தலையை ஆட்டினால் கூடவே சேர்ந்து ஆட்டுவார்கள். பின்னால் சுவரோரம் நின்று நாலு தடித்த கம்பிகளை இழுத்துக்கொண்டிருக்கும் ஆளை மட்டும், மைக் ஒயரைச் சுற்றி வைக்க வந்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள். பர்னபாஸ் இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் நின்றார். தலை குனிந்து நின்றார் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. மனுஷனுக்கு மூக்கு நுனியில் ரோஷம்.

அவருடைய அப்பா திருச்சி ரயில்வே பட்டறையிலிருந்து, தங்கவயலில் புதிதாகத் திறந்த கனரக இயந்திரத் தொழிற்சாலைக்கு ஃபிட்டராக வந்தவர். பர்னபாஸும் அதே ஃபேக்டரியில் வெல்டர் ஆனார். நல்ல வேலை, நல்ல சம்பளம், குவார்ட்டர்ஸ். ஆனால் தங்கவயல் என்ன லேசுப்பட்ட ஊரா? சுரங்கத்தில் இறங்காதவனை அது முழு ஆளாகச் சேர்த்துக்கொள்ளாது.

சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் சாம்பியன் ரீப்ஸில் ஐடாவைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கே அது தெரிந்துவிட்டது. கேசரியை வாயில் வைத்த நேரம், பூமிக்கு அடியில் எங்கேயோ ஏர் பிளாஸ்ட். அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கிற சத்தம் அது. காதுக்கு வரும் முன்னே காலுக்கு வந்துவிடும். அலமாரியில் பாத்திரமெல்லாம் குலுங்கியது. ஐடாவின் அண்ணன் அந்த ஷிஃப்டில் ஷாஃப்ட்டுக்குள், சுரங்கக் குழிக்குள் இருந்தான். வீட்டிலிருந்த அத்தனை பேரும், பட்டுப்புடவையோடு பெண்ணும் சேர்த்து, "எந்த ஷாஃப்ட்டு? எந்த ஷாஃப்ட்டு?" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் என்ன நடக்கிறதென்று புரியாமல், வாய் நிறைய கேசரியோடு தனியாக உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பூமிக்கு மேலேயே இருக்கிற ஆள் என்று 'சர்ஃபேஸ் மாப்பிள்ளை' என்ற பட்டம்தான் ஒட்டிக்கொண்டது. தலை நரைத்த பிறகும் அது உரியவில்லை.

அவர் வாசித்த சர்ச் பாடகர் குழுவில் அந்தப் பட்டத்தை அதிகம் சொன்னவர் ஹரோல்ட். குழுவுக்குத் தலைவர், கீபோர்டும் அவர்தான். சுரங்கத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். டிரில் மிஷின் பாதிக் காதைத் தின்றுவிட்டதால், பெண்கள் எவ்வளவு கத்திப் பாடினாலும் "இன்னும் மேல, இன்னும் மேல" என்பார். இரண்டாயிரமாவது வருஷம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, புதுக் கீபோர்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து குழுவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இடது கைய வெச்சா பேஸ் தானா வருது பாரு," என்று ஒரு முறை வாசித்துக் காட்டினார். "பர்னபாஸ், இந்த கிறிஸ்துமஸுக்கு நீ ரெஸ்ட் எடு."

"இன்னாத்துக்கு ரெஸ்ட்டு? நான் கேட்டனா?"

"போன வருஷம் பெங்களூர் போயி கேசட்டு போட்டமே, அதுல நீ எங்க கீற, சொல்லு பாக்கலாம்? ஊரே அதப் போட்டுக் கேட்டுச்சு. ஒருத்தன் வாயிலயாவது உன் பேரு வந்துச்சா?"

குழு சிரித்தது. பர்னபாஸ் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு வெளியேறினார். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் டேப் ரிக்கார்டரில் அந்தக் கேசட்டைப் போட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். குழுவில் முன்னால் நின்று பாடுகிற அமலாவின் குரல் வந்தது, கீபோர்டு வந்தது, டிரம்ஸ் டப்பா தட்டுவது மாதிரி வந்தது. அவர் வரவில்லை. ஹரோல்ட் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? ஸ்டுடியோக்காரன் இவன் எதற்கு என்று துடைத்தே விட்டிருந்தால்? நாடாவைத் திருப்பி ஓட்டி இன்னொரு தடவை கேட்டார்.

"இன்னாங்க, பொட்டிக்குள்ள தலைய வுட்டுக்கினு கீறீங்க?" என்றாள் ஐடா. விஷயத்தைச் சொன்னார். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கட்டிக்கின நாளா பாக்கறேன். நீங்க கெணத்துல கயிறு இழுக்கறது தெரியுது. தண்ணி வந்துதான் நான் பாக்கல."

இந்த நிலைமையில்தான், டிசம்பரில், பர்னபாஸின் அக்கா மகன் பிரேம் வந்து சேர்ந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஆறு மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். வரும்போது ஒரு சின்னத் தோல் பையில் இயர்போன் கொண்டுவந்திருந்தான். தலையில் மாட்டுகிற ரகம் இல்லை, காதுத் துளைக்குள்ளேயே போகிறது. முனையில் மூன்று அடுக்காக மெல்லிய ரப்பர்.

"பாட்டைப் பதிவு பண்றவங்க வெச்சுக்கற சாமான் மாமா. விலைய மட்டும் கேக்காதீங்க, அத்தை என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. ஜனவரியில வந்து வாங்கிக்கறேன்," என்று வாக்மேனோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

பர்னபாஸ் காதை மேலே இழுத்துப் பிடித்து ரப்பரை உள்ளே தள்ளினார். ஊர் நின்றுபோனது. குக்கர் விசில் இல்லை, பக்கத்து வீட்டு டிவி இல்லை. எதிரே ஐடாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை. இதற்கே அந்த விலையைக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது, அதை அவர் வெளியே சொல்லவில்லை.

கேசட்டைப் போட்டார். முதலில் நாடாவின் இரைச்சல். பிறகு யாரோ பாட்டுத் தாளைப் புரட்டுவது. பாட்டு ஆரம்பிக்கும் முன் அமலா இழுத்த மூச்சு, இடது பக்கம். வலது பக்கம், சற்றுப் பின்னால், ஹரோல்ட் தொண்டையைக் கனைப்பது. டேப் ரிக்கார்டரில் இவர்கள் எல்லாரும் காலை மாரிகுப்பம் ரயிலில் ஏறினவர்கள் மாதிரி ஒருவர் மேல் ஒருவர் நெருக்கிக்கொண்டு கிடந்தார்கள். இங்கே ஆளுக்கு ஓர் இடம் இருந்தது, நடுவில் காற்றுப் போக வழியும் இருந்தது. டிரம்ஸின் சிம்பல் அடித்தால் 'சக்' என்று அறுந்துவிடாமல், மெல்ல மெல்லக் கரைந்து அடங்கியது.

அதற்கெல்லாம் கீழே, அவர் இருந்தார்.

கம்பியின் மேல் விரல் வழுக்கும் சத்தம்கூட இருந்தது. அப்புறம் அந்த ஸ்வரம், வட்டமாக, கனமாக, மேலே பாடுகிறவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தது. மூன்றாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஓரிடத்தில் அது தடுமாறி, அவசரமாகத் திரும்பி வழிக்கு வந்தது. அங்கே அவர் விரல் தவறியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தத் தப்பைக் கேட்டதும்தான் சந்தேகம் அடியோடு போயிற்று. வேறு எவனும் இல்லை, நான்தான். பர்னபாஸ் அழுதார். சந்தோஷத்தில் பாதி, கோபத்தில் பாதி.

உடனே ஐடாவிடம் நீட்டினார். "உங்க காதுல போனத என் காதுல வெக்கணுமா? கர்மம்!" என்று அவள் எழுந்தே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், சர்ச் ஹாலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது பர்னபாஸ் வாக்மேனோடு உள்ளே வந்தார். நேரே ஹரோல்ட் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, ஒரே ஒரு பாட்டு. கேட்டுட்டு அப்பறம் சொல்லுங்க."

ஹரோல்ட் ரப்பரைப் பார்த்து முகம் சுளித்தார். பர்னபாஸ் சலவைக் கைக்குட்டையில் யூடிகொலோன் ஊற்றி, அவர் கண் முன்னாலேயே துடைத்தார். குழு வேடிக்கை பார்த்தது. மறுத்தால் நன்றாக இருக்காது என்று ஹரோல்ட் காதைக் கொடுத்தார்.

மூன்றாவது பாட்டு. முதல் சரணம் வெறும் குரல்தான். ஹரோல்ட் முகம் மலர்ந்தது. "அமலா மூச்சு வுடறது கூட கேக்குதுப்பா!" என்று, காதடைத்தவர்கள் பேசுகிற மாதிரி ஹாலே அதிரக் கத்தினார். இரண்டாம் சரணம் வந்தது. பேஸ் கிட்டாரின் ஆகத் தடித்த கம்பி, அதன் ஆகக் கீழ்ச் சத்தம், வேறெந்தச் சத்தமும் கலக்காமல் அவர் மண்டைக்குள் இறங்கியது.

ஹரோல்ட் துள்ளி எழுந்தார். ஒயரைப் பிடுங்கி எறிந்தார். "எந்த ஷாஃப்ட்டு?" என்று அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். குழுவில் பாதிப்பேர் சுரங்கத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கேள்வியைக் கேட்டபின் அவர்கள் கால் நிற்குமா? தாளெல்லாம் பறக்க அவர் பின்னாலேயே ஓடினார்கள். வெளியே ஓர் ஆடு வேலியை மேய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஷாஃப்ட்டின் சக்கரம் தன்பாட்டுக்கு நின்றது. சங்கு ஊதவில்லை, யாரும் ஓடி வரவில்லை.

ஒவ்வொருவராகத் திரும்பி உள்ளே பார்த்தார்கள். ஹாலில் பர்னபாஸ் மட்டும் தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அன்றைக்குக் கேசரியோடு உட்கார்ந்திருந்த மாதிரியே. இந்தத் தடவை என்ன நடந்ததென்று அவருக்குத் தெரியும்.

"ஷாஃப்ட்டு இல்லண்ணா," என்றார். "நான்தான்."

அமலாதான் முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும். ஹரோல்டின் முகம் சிவந்து கறுத்தது. போர்மேனாக இருந்தவருக்கு, தான் ஓடியதை இத்தனை பேர் பார்த்ததைத் தாங்க முடியவில்லை.

"இந்தச் சத்தம் சர்ச்சுக்கு வாணாம். ஜனங்க பயந்துடுவாங்க."

பர்னபாஸ் எழுந்தார். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நான் வாசிச்சா கேக்கலியா, இல்ல கேட்டா பயமா கீதா? ரெண்டையும் சேத்துச் சொல்லாதீங்க."

"நான் சொன்னது சொன்னதுதான். உனக்கு எடம் இல்ல."

"எடம் ஆண்டவரோடது. நான் வருவேன்."

குறை தன் கையில் இல்லை, சர்ச்சின் ஒல்லி ஸ்பீக்கரில் இருக்கிறது என்று அவருக்கு இப்போது விளங்கிவிட்டது. நேரே ஆண்டர்சன்பேட்டைக்குப் போனார். அங்கே திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் கட்டுகிற காத்தவராயனிடம் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி ஒன்று இருந்தது. அதன் நெற்றியில் சிவப்புப் பெயின்ட்டில் 'ஓம் சக்தி'.

"சர்ச்சுக்காண்ணா?" என்று காத்தவராயன் தலையைச் சொறிந்தான். "இது அம்மன் திருவிழாவுக்கு வெச்ச பொட்டியாச்சே."

"அம்மனுக்குக் கேட்டுச்சா?"

"மூணு தெருவுக்குக் கேட்டுச்சு."

"அது போதும்."

கிறிஸ்துமஸ் காலையில், சபை முழுக்கப் புதுத்துணியோடு கூடியிருந்தபோது, தள்ளுவண்டியில் அந்தப் பெட்டி வந்து இறங்கியது. காத்தவராயனும் பர்னபாஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாடகர் குழுவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். 'ஓம் சக்தி' சபையைப் பார்த்து நின்றது. கிசுகிசுப்பு ஆரம்பித்தது. ஹரோல்ட் நாற்காலியை விட்டு எழுந்து, "பாஸ்டர், இத மொதல்ல வெளிய எடுக்கச் சொல்லுங்க," என்றார்.

பாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கமிருந்து ஐடா எழுந்து வந்தாள். ஹரோல்ட் ஓடின கதை ஒரு வாரமாகச் சாம்பியன் ரீப்ஸ் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்திருந்தது. ஐடா மட்டும் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ஹரோல்ட் மாதிரி ஆளை ஓட வைக்கிற சத்தம் எதுவென்று அவளுக்குத் தெரியும். தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை எடுத்து, எழுத்து மறையும்படி பெட்டி மேல் போர்த்தினாள்.

"எங்க வூட்டுக்காரரு வாசிப்பாரு," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆரம்பிங்க."

பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டு எண்ணைச் சொன்னார். கேசட்டில் இருந்த அதே மூன்றாவது பாட்டு. முதல் சரணம் குரலும் கீபோர்டுமாகப் போனது. இரண்டாம் சரணத்தில் பர்னபாஸ் தடித்த கம்பியை இழுத்தார்.

அது முதலில் காலுக்கு வந்தது. பெஞ்சுகள் நடுங்கின, ஜன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது. சுரங்கத்தில் இறங்கிய கிழவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். சிலர் பாதி எழுந்துவிட்டார்கள். பெண்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். பர்னபாஸ் எல்லாவற்றையும் பார்த்தார். விரலைத் தளர்த்தவில்லை. அடுத்த ஸ்வரம், அதற்கடுத்த ஸ்வரம் என்று அந்தச் சத்தம் பாட்டோடு சேர்ந்து நடந்தது. எழுந்தவர்கள் நின்று கேட்டார்கள், பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அடியிலிருந்து வந்த சத்தத்துக்கு அந்த ஊர் வெளியே ஓடாமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உட்கார்ந்தவர்கள் தொண்டையைத் திறந்து பாடவும் பாடினார்கள்.

ஹரோல்டின் இடது கை கீபோர்டை விட்டு மெதுவாக எழுந்து, அவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மிச்சப் பாட்டை வலது கையாலேயே வாசித்தார். கடைசிச் சரணத்துக்கு முன்னால் பர்னபாஸ் குனிந்து, பெட்டியின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.