மூக்கை நம்பிய மெக்கானிக்

பொன்முடி அடிவாரத்து மெக்கானிக்குக் குட்டை உருவம், நரைத்த புருவம். எந்த வண்டி வந்தாலும் சக்கரத்தருகே புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பார்.

காய்கறி ஏற்றும் எங்கள் பழைய பிக்கப் வண்டியில் பிரேக் பிடித்தது விடாமல் இழுத்தது; கரிந்த மணமும் வந்தது. பிழைப்பே அதில்தான். என் வீட்டுக்காரரோ, "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார்.

மெக்கானிக் என்னிடம் கேட்டார். "அம்மா, கரிஞ்ச மணம் எங்கேருந்து வந்துச்சு?"

"இவளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"மூக்கு உண்டு, அல்லே?" என்று மலையாளம் கலந்து கேட்டார் மெக்கானிக்.

"என் காலுக்குக் கீழே, முன்சக்கரம்" என்றேன் மெதுவாக.

அங்கே கையை நீட்டியவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஜாக்கி வைத்துத் தூக்கி, பிரேக் எண்ணெய்த் திருகைத் தளர்த்தினார். எண்ணெய் பீறிட்டது; இறுகியிருந்த சக்கரம் லேசாகச் சுற்றியது.

"பிரேக் ஹோஸ் குழாய் உள்ளே அடைச்சிருக்கு, எண்ணெய் திரும்பிப் போகல. அதை மாத்தினா போதும், வண்டி ஓடும்."

கூச்சத்தில் அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஹோஸை மாற்றிக்கொண்டு திரும்பும்போது முதல் வளைவிலேயே வீட்டுக்காரர் கேட்டார்: "வண்டி எப்படிப் போகுது, நீ சொல்லு."